சோகப் பாட்டு ஏறி வந்த வண்டிகள்

2025 ஜனவரி 2-ஆம் தேதி துருக்கியில் ஃபெர்தி தய்ஃபூர் என்ற பாடகர் இறந்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, 9-ஆம் தேதி, திருச்சூரில் பி. ஜெயச்சந்திரன் இறந்தார். முன்னவர் பருத்தி விளையும் அதானாவில் பிறந்தவர். பின்னவர் மலையாளி, ஆனாலும் அன்றைக்குச் சிவகாசிப் பக்கம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் ஓடியதெல்லாம் அவர் 1984-ல் ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்துக்காகப் பாடிய தமிழ்ப் பாட்டுதான். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வழியில்லை. இருவருடைய குரலும் காலம் கழித்த இடம் மட்டும் ஒன்று: வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி.

ஃபெர்தி தய்ஃபூர் பாடியதை அரபெஸ்க் என்பார்கள். கிராமத்தில் மழையும் நிலமும் கைவிட்டபிறகு இஸ்தான்புல் ஓரத்தில் ஒரே ராத்திரியில் சுவர் எழுப்பிக் குடியேறிய ஜனங்களின் பாட்டு அது. கூட்டமாக இழையும் வயலின், இழுத்து இழுத்துப் பாடும் ஒற்றைக் குரல், விதி, பிரிவு, குடி, கைவிட்ட காதலி. துருக்கி அரசு வானொலி அதை ஏறத்தாழ 20 ஆண்டு வாசலிலேயே நிறுத்திவைத்தது. அந்தப் பாட்டின் கதையைக் கேட்கக் கேட்க, கரிசல் காட்டுச் சோகப் பாட்டின் கதையைத்தான் யாரோ ஊர்ப்பெயர்களை மாற்றிச் சொல்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

நம்முடைய சோகப் பாட்டு சினிமாவில் பிறந்ததில்லை. அதற்கு முன்னால் நாடக மேடை இருந்தது. சிவகாசியில் 1886-ல் பிறந்த விஸ்வநாத தாஸ் அந்த மேடையின் பெரிய குரல். புராண நாடகத்தில் முருகனாக நின்றுகொண்டு வெள்ளைக்காரனை ஏசிப் பாடியவர். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக் கொடுத்த பாட்டுகளில் பஞ்சாப் படுகொலையைப் பற்றிய புலம்பலும் உண்டு. சிறைக்குப் போவதும் திரும்பி வந்து மறுபடி அதையே பாடுவதுமாக இருந்தார். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போயிற்று. அவர் பாடியது நாட்டுத் துயரம். காதல் தோல்வி இல்லை. ஆனால் ஊரே கூடி உட்கார்ந்து ஓர் ஆணின் அழுகைக் குரலை விடிய விடியக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பழக்கிக் கொடுத்தது அந்த மேடைதான். திருவிழாவில் விற்ற கொலைச் சிந்துப் புத்தகங்களும் அதே வேலையைச் செய்தன. எங்கோ நடந்த கொலையையும் விபத்தையும் பாட்டாகக் கட்டி, சில காசுக்கு விற்று, கேட்கிறவர்களைக் கண்ணீர் விட வைத்தார்கள்.

மேடைக்கு அடுத்த வண்டி ரயில். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள், திரும்பி வந்து சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் தொடங்கினார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். அதே கல்கத்தாவின் டம்டம் ஆலையில்தான் பின்னாளில் எச்.எம்.வி. இசைத்தட்டுகள் அச்சாகித் தெற்கே வந்தன. தட்டுக்கு வேண்டிய அரக்கும் வங்காளத்தை ஒட்டிய சோட்டா நாக்பூர்க் காடுகளில் எடுத்தது. வேலையும் பாட்டும் ஒரே திசையிலிருந்து இந்த ஊருக்கு வந்ததை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சினிமா பெருகியபோது சிவகாசியும் சும்மா இருக்கவில்லை. இங்குள்ள லித்தோ அச்சகங்கள் அச்சடித்த சுவரொட்டிகள் தமிழ்நாடு முழுக்கச் சுவர்களை நிறைத்தன. கதாநாயகன் கன்னத்தில் வழியும் கண்ணீர்த் துளியை எத்தனை கலரில் தனித்தனியாக ஏற்ற வேண்டும் என்பது இந்த ஊர் மிஷின்மேன்களுக்குத் தெரிந்த கணக்கு.

1953-ல் ‘தேவதாஸ்’ வந்தது. இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் படம் முடியுமுன் இறந்துபோக, மிச்சத்தை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தார்கள். பாடியவர் கண்டசாலா. அவர் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கும் என்று மெட்ராஸில் குறை சொன்னவர்கள் இருந்திருக்கலாம். கரிசலில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ. இங்கே அது வேற்றுக் குரலாகவே படவில்லை. கையில் பாட்டிலோடு உட்கார்ந்து உலகத்தை வெறுத்துப் பாடுகிற ஆண் தமிழில் அன்றைக்குக் குடியேறினவன்தான். இன்றுவரை காலி செய்யவில்லை.

ஆனால் அந்தப் பாட்டை வானொலியில் கேட்க முடியாத காலம் அது. 1952-ல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று நம்பியவர். நேரத்தைக் குறைத்தார்கள்; படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையையே திரும்ப வாங்கிக்கொள்ள, அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போயிற்று. அந்த இடத்தை நிரப்ப நிலையங்கள் தாங்களே மெல்லிசைப் பாடல்களைத் தயாரித்தன. அவற்றில் அருமையான பாட்டுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டீக்கடை அதற்காகக் காத்திருக்கவில்லை. ரேடியோ முள்ளைக் கடலுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை தென்மாவட்டங்களில் உள்ளூர் நிலையம் மாதிரிக் கேட்டது. மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்கள் வீட்டு மனிதர்கள் ஆனார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கி டெல்லி இறங்கிவந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை. பிறந்தநாள் வாழ்த்தும் நேயர் விருப்பமும் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கொழும்பு சென்னையைவிடப் பக்கம்.

துருக்கியிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. 1934 கடைசியில் அங்கே அரசாங்கம் மரபான துருக்கி இசையை வானொலியிலிருந்து எடுத்துவிட்டு மேற்கத்திய இசையைப் போட்டது. தடை 2 வருஷம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் ஜனங்கள் எகிப்து வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். 1938-ல் இஸ்தான்புல்லில் எகிப்தியப் பாடகர் அப்துல் வஹாப் நடித்த படம் ஓடியபோது கூட்டம் தாங்காமல் கொட்டகைக் கண்ணாடி உடைந்தது. உடனே அரபு மொழிப் பாட்டுக்குத் தடை. அங்குள்ள இசையமைப்பாளர்கள் அதே மெட்டுப்போக்கில் துருக்கி மொழியில் எழுதிக் கொடுத்தார்கள். அரபெஸ்க்கின் விதை அப்படி விழுந்தது. நம் ராஜ்கபூரின் ‘ஆவாரா’வும் 1950-களில் அங்கே போய்ச் சேர்ந்து, பிறகு துருக்கியிலேயே மறுபடி எடுக்கப்பட்டது. மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் ருசி கற்பிக்கக் கிளம்பும்போதெல்லாம் கேட்கிறவன் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுகிறான்.

இரண்டு ஊர்ச் சோகத்துக்கும் ஸ்வரத்தில்கூடக் கொஞ்சம் ஒட்டு உண்டு. துருக்கி, அரபு இசையில் ஹிஜாஸ் என்பது துயரத்துக்குப் பேர்போன மகாம். அதன் ஸ்வரங்களை வரிசையாக வைத்தால் நம் வகுளாபரணத்துக்கு மிக அருகில் வரும். ஆனால் தமிழ் சினிமாச் சோகத்தின் சொந்தக் கிணறு வேறு. பேச்சில் எல்லோரும் முகாரி என்பார்கள். சினிமா முகாரியை அதிகம் தொட்டதில்லை. சிவரஞ்சனிதான் அதன் கைவாகு, அப்புறம் சுபபந்துவராளி. சிவரஞ்சனியில் ஐந்தே ஸ்வரம். பஸ் இரைச்சலிலும் விளங்கும், பாட்டுப் படிக்காதவனும் முனகலாம். முன்னால் ஒரு ஷெனாய் வைத்துவிட்டால் வரி தொடங்குமுன்பே விஷயம் புரிந்துவிடும்.

இனி 1980. அந்த வருஷம் மே மாதம் ‘ஒரு தலை ராகம்’ வந்தது. மாயவரம் கல்லூரியில் எடுத்த படம். பெரிய நட்சத்திரம் கிடையாது. பாட்டெழுதி மெட்டும் போட்டவர் டி. ராஜேந்தர். பாலசுப்ரமணியம், டி.எம். சௌந்தரராஜன், ஜெயச்சந்திரன், மலேசியா வாசுதேவன், ஜாலி ஆபிரகாம் என்று பாடிய எல்லோரும் ஆண்கள். பெண் குரல் அந்தப் படத்துப் பாட்டுகளில் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’. 1984-ல் அதை இயக்கிய ஆர். சுந்தர்ராஜனின் ‘வைதேகி காத்திருந்தாள்’. இளையராஜா முதலில் மெட்டுகளைப் போட்டுவிட, அவற்றுக்காகக் கதை கட்டிய படம் என்று சொல்வார்கள். கிழிசல் உடையில் குளத்தங்கரையில் விஜயகாந்த் பாடுவதும், கவுண்டமணியின் மேண்டில் காமெடியும் ஒரே படத்தில் இருப்பதை இன்றைக்கு யாராவது எழுதிக்கொண்டு போனால் தயாரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். 1991-ல் முரளி நடித்த ‘இதயம்’. விருதுநகர்க்காரருக்கு இதயம் என்றால் முதலில் நல்லெண்ணெய்தான் என்பது வேறு விஷயம்.

இந்தப் படங்கள் தியேட்டரை விட்டுப் போன பிறகும் பாட்டு போகாமல் இருந்ததற்குக் காரணம் கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்த சின்னப் பெட்டி. சிங்கப்பூரிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்தவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். பிறகு ஒவ்வொரு பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலும் ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. கண்ணாடி அலமாரி, அதில் தட்டுகளின் அட்டை, உள்ளே இரண்டு டெக். ஒரு வெற்றுக் கேசட்டும் கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாள் கழித்துக் கிடைக்கும். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, 90 என்றால் ஒன்பது. உரிமம் கிரிமம் யாருக்கும் தெரியாது.

அந்தப் பட்டியல்களை யாராவது சேர்த்து வைத்திருந்தால் தமிழ்நாட்டின் மனசைப் பற்றி ஒரு நல்ல ஆவணம் கிடைத்திருக்கும். ஏ சைடில் காதல், பி சைடில் தோல்வி என்று பதிவு செய்தவர்கள் அதிகம். அதற்கும் வசதி இல்லாதவன் நேரடியாகச் சோகம் மட்டும் கேட்டான். கடைக்காரர் கேசட்டின் முதுகில் ஒட்டும் லேபிளில் நாலே வகை: பக்தி, காதல், சோகம், தத்துவம். தத்துவம் என்றால் கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியது, நடுவயசுக்காரருக்கு. சோகம் இளவட்டத்துக்கு. இருபது வயதில் சோகம் வாங்கினவன் நாற்பதில் தத்துவத்துக்கு மாறுவான். எது எங்கே முடிகிறது என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. இஸ்தான்புல்லில் ஜவுளி வியாபாரிகளுக்காகக் கட்டிய ஒரு பெரிய கடைவளாகம் அதே காலத்தில் கேசட்காரர்கள் கைக்குப் போய், அரபெஸ்க்கின் தலைநகரம் ஆகியிருந்தது. வானொலியில் இடமில்லாத பாட்டு லட்சக்கணக்கில் விற்றது.

கேசட் வந்து சேர்ந்த இடம் வண்டி. சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முதலில் வந்த பஸ் அரசாங்கத்து பஸ் இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் பஸ். அதிகாலை மூன்று, நாலு மணிக்கே ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றும். ஏற்றியதில் பாதி சிறு பிள்ளைகளாக இருந்த காலம் 1980-களில் நாடறிந்த அவமானம். பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ 1996-ல் அந்தப் பிள்ளைகளைத்தான் காட்டியது. தூக்கம் கலையாத பிள்ளைகள் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போன வண்டிகளிலும் பாட்டு ஓடியிருக்கிறது. அதை நினைத்துப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. இந்தக் கதையை வெறும் நினைவின்பமாக எழுத விடாத இடம் அது.

1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது. ஏழாயிரம்பண்ணை, தாயில்பட்டி, விஜயகரிசல்குளம் என்று பட்டாசு ஆலைகள் நிறைந்த பாதையில் மினி பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் பாட்டு என்பது பெர்மிட் மாதிரி. அரசு பஸ்ஸில் பாட்டு இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்து பாட்டுள்ள வண்டியில் ஏறுகிறவர்கள் இன்றும் உண்டு. காலையில் முதல் நடைக்கு முருகன் பாட்டும் மாரியம்மன் பாட்டும். எட்டு மணிக்கு மேல் எதுவும் ஓடும். மாலையில், ஆலை விட்டு வரும் நடையில், இளையராஜா சோகம். டிரைவர்கள் எழுதிவைக்காமல் கடைப்பிடிக்கும் அட்டவணை இது. வழியில் துக்க வீடு இருந்தால் சத்தத்தை அணைத்துவிட்டு, தாண்டிய பிறகு மறுபடி வைப்பார்கள். இஸ்தான்புல்லின் ஷேர் வண்டிகளிலும் அரபெஸ்க்தான் ஓடியது. அதை மினி பஸ் இசை என்றே அங்கே ஏளனம் செய்தார்கள்.

ஏன் மாலையில்? ஆலைக்குள்ளே பாட்டு கிடையாது என்பது ஒரு காரணம். வெடிமருந்துள்ள இடத்தில் செல்போன் கூடாது, உராய்வு கூடாது, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்று சட்டம். பகல் முழுக்க வார்த்தையைக்கூட அளந்து பேசிய இடத்திலிருந்து வெளியே வருகிறவர்களுக்குக் குத்துப் பாட்டு ஒத்துவராது. துள்ளலான பாட்டு கேட்கிறவரிடம் ஒரு பதில் எதிர்பார்க்கும்: தலையாட்டு, சிரி, கைதட்டு. சோகப் பாட்டு எதையும் கேட்காது. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துக்கொள்ளலாம். பாடுகிறவன் அவனுடைய பாட்டுக்கு அழுதுகொண்டிருப்பான். நாம் சும்மா இருக்கலாம். சோகப் பாட்டு கேட்கிறவன் சோகமானவன் என்று அங்காராவில் அதிகாரிகளும் இங்கே மேடைப் பேச்சாளர்களும் ஒன்றுபோல் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். களைத்தவன் என்பதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் வரும்.

அப்படித் தப்பாகப் புரிந்ததன் உச்சம் 1989-ல் துருக்கியில் நடந்தது. கலாசார அமைச்சர் தினாஸ் தித்திஸ் ஒரு மாநாடு கூட்டி, வலியில்லாத அரபெஸ்க் வேண்டும் என்று பாட்டே தயாரிக்க வைத்தார். ஹக்கி புலுத் என்ற பாடகர் பாடினார். யாரும் சீந்தவில்லை. அடுத்த வருஷம் தனியார் தொலைக்காட்சி வந்தது. அரபெஸ்க்காரர்கள் நேராக வரவேற்பறைக்குள் வந்துவிட்டார்கள். மெல்லிசைப் பாடல் தயாரித்த நம் நிலையங்களாவது வலி கூடாது என்று உத்தரவு போடவில்லை.

இனி, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம். அந்த மாலை வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஒலிபெருக்கியில் பாடுகிறவன் ஆண். அவன் பாடுவது பெரும்பாலும் ஒரு பெண் தன்னை ஏமாற்றிவிட்டாள், புரிந்துகொள்ளவில்லை, வேறொருவனைக் கட்டிக்கொண்டாள் என்று. விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு வந்து, பகலெல்லாம் வெடிக்குத் திரி கட்டிய பெண், தன் இனத்தின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டைக் கேட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேர்கிறாள். 2011 நவம்பரில் ‘3’ படத்துப் பாட்டு உலகம் சுற்றி, சூப் சாங் என்று ஒரு வகையே உருவானபோது இந்தக் குற்றச்சாட்டு இன்னும் மலிந்தது. பழைய பாட்டில் இருந்த தன்னிரக்கமாவது தன்னை நோக்கியது. எனக்குப் பிந்தையது பிடிப்பதில்லை.

ஆனால் பெண்கள் அந்தப் பாட்டை அப்படிக் கேட்பதாகத் தெரியவில்லை. காரணம், துயரத்துக்கு அவர்களிடம் வேறு பாட்டு இருக்கிறது. ஒப்பாரி பெண்களுடையது. அதில் இறந்தவரைப் பற்றிய வரிக்கு நடுவே மாமியார் வீட்டுக் கணக்கும், அண்ணன் தராமல் விட்ட சீரும், சொல்ல முடியாமல் இருந்த அத்தனையும் வந்துவிடும். சாவு வீட்டில் அதை யாரும் தட்டிக்கேட்க முடியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டது போன்ற நாட்களை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும். அப்படிப்பட்ட துக்கத்துக்கு ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு விற்கவில்லை. சினிமாச் சோகம் அன்றாட அலுப்புக்கு; பெரிய சாவுக்கு அது போதாது என்று இந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். துருக்கியிலும் இழவுப் பாட்டு தனி, அரபெஸ்க் தனி.

கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய்ப் பென் டிரைவ் வந்தது. நூறு ரூபாய்க்குள் ஆயிரம் பாட்டு ஏற்றித் தந்த செல்போன் கடைகள் ரெக்கார்டிங் சென்டரின் பேரப்பிள்ளைகள். இப்போது யூடியூபில் எண்பதுகளின் சோகம் என்று மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகள். கீழே கருத்துப் பகுதியில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ராத்திரி ஒரு மணிக்கு எழுதுகிறார்கள். சிவகாசிக்காரர் யாராவது அங்கே தம் ஊர்ப் பெயரைப் போட்டால் கீழே நாலு பேர் எந்தத் தெரு என்று கேட்பார்கள்.

அச்சகங்களிலும் வேறு ஆலைகளிலும் இன்று வடக்கிலிருந்து வந்த பையன்கள் வேலை செய்கிறார்கள். ஹவுராவிலிருந்து கன்னியாகுமரி போகும் ரயில் விருதுநகர் வழியாகத்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரோட்டாக் கடை வாசலில் நின்று அவர்கள் போனில் கேட்பது போஜ்புரியோ ஒடியாவோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் ஷெனாய் வாசிப்பதை வைத்து என்ன பாட்டு என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதில்லை.